ஸ்லாப்புக்கு அடியில் போட்ட கையெழுத்து

விபத்து நடந்த அன்று இரவு சைட் ஆபீஸில் விளக்கு அணைவதில்லை. அடிபட்டவர்கள் பினாங்கு பொது மருத்துவமனையில் கிடப்பார்கள். இங்கே ஃபைல் அடுக்கும் வேலை நடக்கும். பொழுது விடிந்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.யின் அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் பயிற்சிச் சான்றிதழ்கள், காலைநேரப் பாதுகாப்புப் பேச்சுக்குக் கையெழுத்து வாங்கிய தாள்கள், சாரத்தில் தொங்கவேண்டிய பச்சை அட்டை எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றும், எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்றும் எழுதி முடிப்பார்கள்.

பினாங்கிலும் பிறையிலும் நாற்பது ஆண்டுகளாகக் கட்டுமான வேலையில் இருந்தவன் நான். முதல் பாதி சைட் மேற்பார்வையாளர், பிற்பாதி பாதுகாப்பு அதிகாரி. அந்த இரண்டு வரிகளையும் எத்தனையோ தவுக்கேக்களின், அதாவது முதலாளிகளின், அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். அவை பெரும்பாலும் பொய் அல்ல என்பதுதான் வேதனை. விழுந்த ஆள் உண்மையிலேயே பெல்ட் கொக்கியை மாட்டியிருக்க மாட்டான். கொக்கி மாட்டுவதற்கு அங்கே கயிறே கட்டியிருக்கவில்லை, கயிறு கட்ட ஒதுக்கிய பணத்தை வேறு எதற்கோ திருப்பிவிட்டார்கள் என்பது மட்டும் அந்தக் கட்டத்துக்குள் வராது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிளார்க் ஆஃப் வொர்க்ஸ். கட்டடத்தின் உரிமையாளர் சார்பில் சைட்டில் இருந்து வேலையைச் சரிபார்ப்பவர். எண்பதுகளில் பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம். நான் அப்போது இளைஞன். கங்க்ரீட் ஊற்றும் நாளன்று மிக்ஸர் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு லோரி கங்க்ரீட்டை அதிக நேரம் வைத்திருக்க முடியாது, இறுகிவிடும். அதனால் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு, அனுமதித் தாளை நீட்டியபடி அவசரப்படுத்துவார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு ஸ்லாப்புக்கு அடியில் போய்விடுவார். குனிந்து குனிந்து ஒவ்வொரு முட்டாகத் தட்டுவார். இறுகி நிற்கும் இரும்பு முட்டு கணீரென்று சொல்லும். பாரம் ஏறாமல் சும்மா நிற்கும் முட்டு மந்தமாகச் சத்தம் போடும். மந்தமாகச் சொன்னதில் சாக்பீஸால் ஒரு கோடு.

பின்னாலேயே நடந்த எனக்கு அன்று அவர் ஒரு முட்டைக் காட்டினார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் அதற்கென்றே வரும் தடித்த பின் இருக்கவேண்டும். அது தொலைந்துபோனதால் யாரோ ஒரு துண்டு முறுக்குக்கம்பியை வெட்டிச் செருகியிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கீழே, முட்டின் அடித்தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் பலகை வைத்திருந்தார்கள். ஆனால் முந்தின இரவு மழையில் மண் கரைந்து பலகையின் ஒரு முனை அந்தரத்தில் இருந்தது. அவர் எதுவும் திட்டவில்லை. பலகைக்கு அடியில் விரலை விட்டுக் காட்டிவிட்டு, "தம்பி, மேல நிக்கிறவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சவன்தான் கையெழுத்து போடணும்" என்றார். எல்லாம் சரிசெய்து முடிக்கும்வரை லோரிகள் நின்றன. ஒன்று கங்க்ரீட்டோடு திரும்பிப் போனது. தவுக்கே கத்தினார். பிறகு அவர் அந்தத் தாளை எடுத்து, ஒரு முட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மேசையில் உட்கார்ந்து அவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டு நான் பார்த்ததே இல்லை.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த் ஃபெர்ரி நிலையத்தின் நடைபாலம் இடிந்து விழுந்த நாள். பினாங்கில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அன்று எங்கே இருந்தோம் என்று சொல்வார்கள். பினாங்குப் பாலம் திறந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும், வண்டி இல்லாதவர்களுக்குக் கடலைக் கடக்க ஃபெர்ரிதான். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவும் சீனர்களின் குவான் யின் விழாவும் கூடி வந்த நேரம். மேல்தளப் பாதை கூட்டத்தின் பாரத்தோடு கீழே விழுந்தது. 32 பேர் செத்தார்கள், 1,634 பேர் காயப்பட்டார்கள். அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அமைப்பில் இருந்த பலவீனமும் அளவுக்கு மீறிய கூட்டமும் விசாரணையில் வெளியே வந்தன.

அந்தப் பாதையில் நானும் ஆயிரம் முறை நடந்தவன். அங்கே கூட்டம் சேரும் என்பது யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. செயின்ட் ஆன் திருவிழா ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசியில் வருவது, காலண்டரில் அச்சடித்திருப்பது. எத்தனை பேர் மேலே ஏறலாம் என்று ஒரு கணக்கு இருந்தாக வேண்டும்; அந்தக் கணக்கு நிறைந்ததும் வாசலை அடைக்கும் அதிகாரத்தோடு ஓர் ஆள் நின்றாக வேண்டும். ஒரு திட்டம் தோற்றுப்போகும்போது பெரும்பாலும் தகவல் இல்லாமல் தோற்பதில்லை. தகவல் இருக்கும் இடத்தில் நிறுத்தும் அதிகாரம் இருக்காது, அதிகாரம் இருக்கும் இடத்துக்குத் தகவல் போயிருக்காது. நான் நேரில் பார்த்த விபத்துகளிலும், பிறகு படித்த விசாரணை அறிக்கைகளிலும் இதைத்தான் கண்டேன்.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹையட் ரீஜென்ஸி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு பட்டர்வொர்த்துதான் கண்முன் வந்தது. மேலேயிருந்து கீழ் நடைபாதைவரை ஒரே நீளக் கம்பியில் தொங்கவேண்டிய அமைப்பு. வேலை சுலபமாகட்டும் என்று தயாரிப்பவர்கள் கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் மேல் நடைபாதையின் இணைப்பு தன் பாரத்தோடு கீழ் நடைபாதையின் பாரத்தையும் சுமக்க நேர்ந்தது. இரண்டு மடங்கு பாரம். மாற்றம் வரைபடத்தில் வந்தது, பொறியாளர் முத்திரையும் விழுந்தது, யாரும் கணக்குப் போடவில்லை. விசாரணையில் ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள். முத்திரை யாருடையதோ பொறுப்பும் அவருடையதே என்று முடிவாகி, பொறியாளர்களின் உரிமம் பறிபோனது. அந்தத் தலைமைப் பொறியாளர் பிற்காலத்தில் பொறியாளர் கூட்டங்களுக்குப் போய், என்ன நடந்தது என்பதைத் தானே எடுத்துச் சொல்லிவந்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் நாட்டில் அப்படி முடிவதில்லை. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் முதல் புளோக் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த சரிவும் வடிகாலும் சரியாகக் கவனிக்கப்படாததுதான் காரணம். 2000இல் உயர்நீதிமன்றம் பொறுப்பை மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், பக்கத்து நில உரிமையாளர் என்று பங்குபோட்டு, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 சதவீதம் வைத்தது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 95ஆம் பிரிவு நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்பு தருகிறது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அனுமதி கொடுக்கும் இடத்துக்கு அந்த அனுமதியால் வரும் விளைவில் பங்கில்லை என்றால், அடுத்த தாளைச் சரிபார்க்கிறவர் எதற்காகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போவார்?

என் காலத்தில் வேலை செய்யும் ஆட்களும் மாறினார்கள். நான் சேர்ந்தபோது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள். சீனத் தச்சர்கள், செங்கலும் மணலும் தூக்கிய நம் பெண்கள், கம்பி கட்டிய நம் பையன்கள். முட்டுகள்கூட பாக்காவ் மரம்தான். காண்ட்ராக்டர் தன் ஆட்களை மாதச் சம்பளத்தில் வைத்திருந்தார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு இந்தோனேசியர்கள் வந்தார்கள். அப்புறம் வங்காளதேசிகள், மியான்மார்காரர்கள். கூடவே இன்னொன்றும் வந்தது: தலைமைக் காண்ட்ராக்டருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே ஒருவர், கடைசியில் பத்துப் பேரைக் கூட்டிவரும் ஒரு கெப்பாலா. பணம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறையும். பொறுப்பும் அப்படியே. சாரம் யாருடையது என்று கேட்டால் நான்கு பெயர் வரும், நான்கும் சரியாகவே இருக்கும்.

1991 சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடிப்புக்குப் பிறகு, 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 1997 முதல் இரண்டு கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தம் என்றால் பாதுகாப்பு அதிகாரி இருந்தாக வேண்டும். நானும் படித்துத் தேர்வெழுதிப் பதிவு செய்துகொண்டேன். நல்ல சட்டம்தான். ஆனால் பாதுகாப்பு அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்தக் காண்ட்ராக்டரே. யாருடைய வேலையை நிறுத்தச் சொல்லவேண்டுமோ அவருக்குத்தான் நான் அறிக்கை எழுதவேண்டும்.

பிறகு தீவில் சமநிலம் தீர்ந்துபோய் கட்டடங்கள் மலையேறிய காலம் வந்தது. கடல் மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேலும், 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் கட்டக்கூடாது என்பது மாநிலத்தின் விதி, சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கோடு. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரு சைட்டில் இருந்தேன். பினாங்கு மலை மண் கருங்கல் மக்கிய மண். காய்ந்திருக்கும்போது கத்தியால் வெட்டிய கேக் மாதிரி நேராக நிற்கும். அதைப் பார்த்து நம்பிவிடக்கூடாது. தண்ணீர் உள்ளே போனதும் அதன் குணமே வேறு. ஒருநாள் காலையில் வெட்டிய சரிவின் உச்சியில், விளிம்பிலிருந்து சில அடி உள்ளே தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரல் நுழையும் அகலம். யாரோ அதன்மேல் நீலக் கேன்வாஸை விரித்து, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தார்கள். எனக்கு முன்பே அதைப் பார்த்த ஒருவன் இருந்திருக்கிறான் என்று அந்தக் கற்களே சொல்லின.

கேட்டு விசாரித்தேன். எக்ஸ்கவேட்டர் ஓட்டும் நம் பையன்தான். "போட்டோ எடுத்து குரூப்ல போட்டேண்ணே, ரெண்டு நாளாச்சு. எல்லாரும் பார்த்துட்டாங்க" என்றான். வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். படம் இருந்தது. கீழே வரிசையாகக் கட்டைவிரல். பதினைந்து இருபது பேர் பார்த்த ஒரு விரிசலை ஒருவரும் தனக்கு வந்த செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் கீழே அஸ்திவார வேலையில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களை வெளியே கூப்பிட்டேன். சரிவைப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை கீழே யாரும் இறங்கக்கூடாது என்று எழுதி, திட்ட மேலாளர் பெயரைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.

அந்தச் சரிவு விழவில்லை. மேலே பாரம் குறைத்து, தண்ணீரை வேறு வழியில் திருப்பி, வலை போட்டு ஆணி அடித்தார்கள். இன்றும் அங்கே கட்டடம் நிற்கிறது. கணக்குத் தீர்க்கும் கூட்டத்தில் நான் நிறுத்திய நாட்கள் தாமதம் என்ற தலைப்பில் வந்தன; தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் உண்டு. 'விழவே இல்லையே' என்றார் ஒருவர். தடுத்த விபத்தை யாருக்கும் காட்ட முடியாது. இந்தத் தொழிலில் பொறுப்பேற்பது எவ்வளவு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெதுவும் உணர்த்தவில்லை. விழுந்தால் பொறுப்பு யாருக்கென்று தேடுகிறோம். விழாமல் காத்தவனுக்கு அபராதத்தில் பங்கு போடுகிறோம்.

2017 அக்டோபர் 21 சனிக்கிழமை காலை தஞ்சோங் பூங்காவில் வீடமைப்புத் திட்ட சைட்டில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம், அது மனிதர்களால் வந்தது, தவிர்த்திருக்கக்கூடியது என்று சொன்னது. மழையின் மேல் பழி போட்டுத் தப்பிக்க அந்த அறிக்கை இடம் தரவில்லை. அடுத்த ஆண்டே பாயா தெருபோங் பக்கம் புக்கிட் கூக்குஸ். பினாங்கு மாநகர் மன்றத்தின் இரட்டைச் சாலைத் திட்டம். 2018 அக்டோபர் 11 அன்று 25 மீட்டர் நீளமுள்ள 14 கங்க்ரீட் உத்தரங்கள் சாய்ந்து விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை. அக்டோபர் 19 அன்று அதே திட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் தங்கிய கொள்கலன்களை மூடியது. 9 பேர் இறந்தார்கள்.

நடுவில் எட்டு நாட்கள். உத்தரம் விழுந்தது வேறு இடம், மண் சரிந்தது வேறு இடம், காரணமும் வேறு என்று சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு சைட்டில் பெரிய அளவில் ஒன்று தவறினால், அந்த ஒன்றை மட்டும் ஆராய்ந்தால் போதாது. இங்கே யார் எதைச் சரிபார்க்கிறார்கள், வேறு எதெல்லாம் பார்க்காமல் விடப்பட்டிருக்கிறது, ஆட்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று சைட் முழுவதையும் கேட்டாக வேண்டும். உயிர்ச்சேதம் இல்லாத விபத்து கிடைத்தால் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்; செத்தவர்களை வைத்துப் பாடம் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல். இறந்தவர்கள் வங்காளதேசத்திலும் மியான்மாரிலும் இந்தோனேசியாவிலும் இருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு காலத்தில் நம் தாத்தாக்களும் இப்படித்தான் கப்பலேறி வந்து இந்த நாட்டின் ரயில் பாதையையும் ரோட்டையும் போட்டார்கள். அதை நினைக்கும்போது 'வெளிநாட்டுத் தொழிலாளி' என்று இரண்டு சொல்லில் அவர்களைக் கடந்து போக என்னால் முடிவதில்லை.

நல்ல மனிதர் ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் திட்ட மேலாளர். ஒரு வேலையில் ஸ்லாப் பலகை சரிந்து இருவருக்கு எலும்பு முறிந்தது. சப் காண்ட்ராக்டர் முட்டுகளை இடைவெளி அதிகமாக வைத்திருந்தார். பழியை அங்கே இறக்கிவைப்பது சுலபம், அலுவலகத்தில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தோம். ஜே.கே.கே.பி. அதிகாரி முன்னால் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இடைவெளி கூட இருந்ததை முதல்நாளே எங்க ஃபோர்மேன் சொன்னார். ஊத்துங்கன்னு சொன்னது நான்." அறையில் யாரும் பேசவில்லை. நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. சில மாதங்களில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆனால் அவர் இருந்த அந்தச் சில மாதங்களும் சைட் வேறு மாதிரி இருந்தது. வாய் திறக்காத வங்காளதேசத் தொழிலாளர்கள்கூட அலுவலக வாசலில் வந்து நின்று, உடைந்த ஏணியைக் காட்டினார்கள், மின்கம்பி தோல் உரிந்ததைச் சொன்னார்கள். சொன்னால் தலை தப்பாது என்ற பயம் போனது. மேலே இருப்பவர் தன் பங்கை ஒப்புக்கொண்டால் கீழே இருப்பவர்கள் உண்மையைக் கொண்டுவந்து தருவார்கள் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். எந்தப் பயிற்சி வகுப்பாலும் நான் அதைச் சாதித்ததில்லை.

2024 ஜூன் 1 முதல் அந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கடுமையாகியிருக்கிறது. முதலாளி தன் கடமையில் தவறினால் 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்சபட்ச அபராதம் 500,000 ரிங்கிட். இயக்குநர்களைத் தனிப்பட்ட முறையில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். வேலையைக் கொடுக்கும் தலைமை நிறுவனத்துக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. நான்கு பெயர் சொல்லித் தப்பிக்கும் வழியை அது கொஞ்சமாவது அடைக்கும். இதெல்லாம் நான் முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்தது. ஆனால் பெர்மிட்டு ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும் ஒருவன், ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வைத்துவிட்டு வந்தவன், விலகும் உரிமையை எப்படிப் பயன்படுத்துவான் என்பதைச் சட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளாது. அவனுக்காக முதலில் 'நிறுத்து' என்று சொல்லவேண்டியவர்கள் நாம், மேற்பார்வையாளர்கள்.

இப்போது சைட் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஆகப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டான்: "நிறுத்திட்டேன்னு வேலையவிட்டுத் தூக்கிட்டா என்ன சார் பண்றது?" நேர்மையான கேள்வி. தூக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யக்கூடியதைச் சொன்னேன். பார்த்ததை அந்த நிமிடமே எழுது. நேரம் போடு, இடம் போடு. குழுவில் போட்டதோடு விடாதே, முடிவெடுக்கக்கூடிய ஒருவர் பெயருக்குத் தனியாக அனுப்பு, பதில் வாங்கு. முதலில் ஆட்களை வெளியே எடு, வாக்குவாதத்தை அப்புறம் வைத்துக்கொள். ஒரு பிரதி உன்னிடம் இருக்கட்டும். கேட்கவில்லையென்றால் ஜே.கே.கே.பி.க்குப் போ, பினாங்கிலேயே அலுவலகம் இருக்கிறது.

சில மாதம் கழித்து அவன் ஒரு படம் அனுப்பினான். கையால் எழுதிய தாள்: ஆழமாக வெட்டிய குழி, பக்கச்சுவருக்குத் தடுப்பு இல்லை, உள்ளே மூன்று பேர், காலை 9.10. கீழே திட்ட மேலாளரின் கையெழுத்து. மேலாளர் கத்தினாராம். மாலைக்குள் தடுப்புப் பலகை வந்து இறங்கியதாம். அவன் இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறான்.